வாய்ச் சிவப்பும் உயிரணுவின் தீயும்

தமிழர் வாழ்வில் வெற்றிலை பாக்குக்கு இருந்துவரும் மதிப்பு வேறெந்தப் பொருளுக்கும் எளிதில் வாய்த்ததில்லை. மணம் பேசி முடித்தால் தாம்பூலம் மாற்றுவர். விருந்தினர் விடைபெறும்போது தட்டில் வைத்து நீட்டுவர். குருவை வணங்கும் மாணவன் காணிக்கையை வெற்றிலையின் மேல் வைத்தே கொடுப்பான். இவ்வாறு பிறப்பு முதல் இறப்பு வரை நிகழும் சடங்குகள் பலவற்றிலும் அது முன்னிற்கிறது. சிலப்பதிகாரத்தில், மாதரியின் இல்லத்தில் கோவலனுக்குத் தன் கையால் இறுதியாக அமுது படைத்த கண்ணகி, உணவு முடிந்தபின் வெற்றிலையும் பாக்கும் கொடுத்தாள் என்று இளங்கோவடிகள் பாடியிருப்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர்.

வெற்றிலை போட்ட வாய் நன்கு சிவக்க வேண்டும் என்பது தொன்றுதொட்டு வரும் ஆசை. நாக்கு எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு கணவனின் அன்பு என்று பெண்கள் ஒருவரையொருவர் கேலி பேசி மகிழ்வதுண்டு. அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது, அது உண்டாகும் நேரத்தில் வாயினுள் நிகழ்வது என்ன என்னும் கேள்விகளுக்கு விடை காண அறிவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்விடை மலேசியத் தமிழர் பலரின் உயிரோடு தொடர்புடையது. புற்றுநோயைப் பற்றி இன்றைய அறிவியல் கண்டுள்ள நுட்பமான உண்மை ஒன்றையும் அது விளக்கிக் காட்டுகிறது.

சிலாங்கூர் மாநிலத்தின் சிப்பாங் மாவட்டத்தில், லங்காட் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் டெங்கில். அதன் சுற்றுப்புறமெங்கும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள் இருந்தன; பின்னர் அவற்றுள் பல செம்பனைக் காடுகளாயின. 1990களில் நாட்டின் நிர்வாகத் தலைநகராகப் புத்ராஜெயா எழுந்தபோது, அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த பிராங் பெசார், கெலோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தன. லயத்து வீடும், வாசலில் நட்ட முருங்கையும், ஆற்றோரத்துக் காய்கறிப் பாத்தியும் பின்தங்கிவிட்டன. மூட்டை முடிச்சுகளோடு மாடியேறி வந்தவற்றுள் வெற்றிலைப் பெட்டியும் ஒன்று.

தோட்டத்து வாழ்விலிருந்து அவ்வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த மூதாட்டி ஒருவரின் கதை, இத்தகைய பலரின் கதையாகும். அவர் எழுபதைக் கடந்தவர். பெரட்டுக் களத்தில் பெயர் பதிந்த இளம் வயதிலேயே தாயிடமிருந்து வெற்றிலை போடக் கற்றுக்கொண்டார். விடியுமுன் எழுந்து, பனியிலும் கொசுக்கடியிலும் மரம் வெட்டி, நண்பகல் வரை பசி தாங்க வேண்டிய வாழ்வில், ஒரு வாய் வெற்றிலையே அவருக்குப் பசியாற்றியாகவும் களைப்பாற்றியாகவும் இருந்தது. சில ஆண்டுகளில் அதனோடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்ந்துகொண்டது. பற்கள் விழுந்தபின் சிற்றுரலில் இடித்து, இடக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வது வழக்கமாயிற்று. தோட்டம் போயிற்று, கணவர் போனார், பிள்ளைகள் வேலை தேடிப் பட்டணம் போனார்கள். கன்னத்தில் ஒதுக்கிய அந்த உருண்டை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அம்மூதாட்டியின் பேரன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயில்பவன். ஒரு நாள் அறிவியல் வகுப்பில் இரும்பாணிகளைக் கொண்டு துருப்பிடித்தல் பற்றிய சோதனை நடந்தது. ஈரமும் உயிர்வளியும் ஒருங்கே கிடைத்த ஆணி துருவேறிற்று. எண்ணெய் பூசிய ஆணி பளபளப்புக் குன்றாமல் இருந்தது. ஆக்சிஜன் என்னும் உயிர்வளி இரும்போடு சேர்வதால் துரு உண்டாகிறது என்று ஆசிரியர் விளக்கியதும், அச்சிறுவன் எழுந்து, “மனிதனின் உடம்பும் துருப்பிடிக்குமா, ஐயா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. உடம்பில் இரும்பும் இருக்கிறது, உயிர்வளியும் இருக்கிறது. ஆகவே அது நல்ல கேள்வி என்று கூறி, வீட்டில் அம்மா வாழைக்காய் நறுக்கும்போது என்ன செய்கிறார் என்று பார்த்துவரும்படி பணித்தார்.

வாழைக்காயையோ வாழைப்பூவையோ நறுக்கி அப்படியே வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடுகிறது. காயிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து நிறம் மாறுவதே அதற்குக் காரணம். அதைத் தடுக்கத் தமிழ்ப் பெண்கள் நறுக்கிய துண்டுகளை மோர் கலந்த நீரில் போடுவர். மோரின் புளிப்பு அவ்வினையைத் தளரச் செய்கிறது. புளிப்புக்கு நேர்மாறானது காரம்; சுண்ணாம்பு வலிய காரத்தன்மை உடையது. பாக்கிலும் வாழைக்காயில் உள்ளவை போன்ற துவர்ப்புப் பொருள்கள் நிறைந்துள்ளன. பாக்கோடு சுண்ணாம்பைச் சேர்த்து மெல்லும்போது, மோர் செய்யும் வேலைக்கு நேர் எதிரான வேலை வாயினுள் நடக்கிறது. துவர்ப்புப் பொருள்கள் உயிர்வளியோடு விரைந்து வினைபுரிகின்றன; அவ்வினையின் விளைவாகச் செந்நிறப் பொருள்கள் தோன்றுகின்றன. கவிஞர்கள் போற்றிய வாய்ச் சிவப்பு, வேதியியலின் பார்வையில் ஆக்சிஜனேற்றத்தின் அடையாளமாகும்.

நிறம் மாறுவதோடு அது நின்றுவிடுமானால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவ்வினையின்போது வேறு சில பொருள்களும் உடன் பிறக்கின்றன. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பாக்குச் சாற்றைச் சுண்ணாம்போடு சேர்த்து ஆராய்ந்தனர். காரத்தன்மை மிகுந்த நிலையில் பாக்கிலிருந்து சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை உண்டாவதையும், அவை மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வைத் தாக்கி உருமாற்றுவதையும் அவர்கள் கண்டனர். இரும்பு, செம்பு முதலிய உலோகங்கள் உடனிருந்தால் அத்தாக்குதல் மேலும் கடுமையாகிறது. பாக்கிலோ செம்பு இயல்பாகவே மிகுதி.

இப்பொருள்களின் தன்மையை அறிய, உடலின் உள்ளே எரியும் தீயை முதலில் அறிதல் வேண்டும். உண்ட உணவிலிருந்து ஆற்றலைப் பெற ஒவ்வோர் உயிரணுவும் உயிர்வளியைப் பயன்படுத்துகிறது. உயிரணுவினுள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் அவ்வேலையைச் செய்கின்றன. உயிர்வளியின் மூலக்கூறு ஒன்று நான்கு எதிர்மின்னிகளை முறையாகப் பெற்றால் தீங்கற்ற நீராகிறது. இடையில் ஒன்றை மட்டும் பெற்று நழுவிவிட்டால் சூப்பராக்சைடு ஆகிறது. இரண்டைப் பெற்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிறது. அது இரும்பையோ செம்பையோ சந்திக்கும்போது, ஹைட்ராக்சில் என்னும் மிகக் கொடிய துணுக்கு பிறக்கிறது. எதிர்மின்னி ஒன்று குறைந்த அத்துணுக்கு, அருகில் கிடைக்கும் எப்பொருளிடமிருந்தும் அதனைப் பறித்துக்கொள்ளும். கொழுப்பாயினும் புரதமாயினும் மரபிழையாயினும் அதற்கு வேறுபாடில்லை. அடுப்பு எரிந்தால் தீப்பொறி தெறிப்பது இயல்பு. இவை உயிரணுவின் அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறிகள்.

உயிர்வளி உயிரைக் காப்பதோடு நஞ்சாகவும் மாறக்கூடும் என்பதை அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மன் என்னும் பெண் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1954ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். மிகை உயிர்வளியால் உண்டாகும் கேடும் ஊடுகதிரால் உண்டாகும் கேடும் ஒரே வழியில் நிகழ்கின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் சூப்பராக்சைடைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று உடலிலேயே உள்ளதைக் கண்டறிந்தனர். தீப்பொறிகளுக்கு எதிராக இயற்கை காவற்படை ஒன்றை அமைத்திருப்பது அதனால் தெளிவாயிற்று. குளூட்டத்தியோன் என்னும் பொருளும் அப்படையின் முதன்மை வீரர்களுள் ஒன்று. பொறிகள் பெருகிக் காவற்படை சிறுத்துவிடும் நிலைக்கு ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று பெயர். ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் சீஸ் 1985ஆம் ஆண்டில் அக்கருத்தை வரையறுத்து அறிவுலகில் நிலைநாட்டினார்.

இந்த அழுத்தம் புற்றுநோயை எவ்வாறு தோற்றுவிக்கிறது? மரபிழையை நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு எனக் கொண்டால், அவற்றுள் குவானின் என்னும் எழுத்தே ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாவது. அது உருமாறினால், உயிரணு பிரியும்போது ஏட்டைப் படியெடுக்கும் நொதி அதனைத் தவறாகப் படித்துவிடுகிறது. பழைய ஓலைச் சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் செல்லரித்த எழுத்தை வேறொன்றாகப் படித்து எழுதியதால் பாடபேதம் புகுந்ததைத் தமிழ் கற்றோர் அறிவர். உயிரணுவிலும் அவ்வாறே பாடபேதம் புகுகிறது. பெரும்பாலான பிழைகளை உயிரணுவே திருத்திக்கொள்கிறது. திருத்தத்துக்குத் தப்பிய பிழைகள், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தால், அவ்வுயிரணு கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குகிறது. வாயினுள் ஒரே இடத்தில் நாள்தோறும் பல மணி நேரம் பாக்கும் சுண்ணாம்பும் தங்கும்போது, அவ்விடத்துத் தோலணுக்களுக்குப் பிழை திருத்த ஓய்வே கிடைப்பதில்லை. சுண்ணாம்பின் காரத்தால் உண்டாகும் புண், ஆறுவதற்காக அணுக்களை மேன்மேலும் பிரியத் தூண்டுகிறது. படியெடுப்பு மிகும்தோறும் பிழையும் மிகுகிறது. புகையிலையின் நச்சுப் பொருள்களும் சேர்ந்துவிட்டால் கேடு பன்மடங்காகிறது.

நோய்க்கும் வெற்றிலை போடும் பழக்கத்துக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் கண்டுகொண்டதில் தமிழ் மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, இந்நாளில் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய ஊர் நெய்யூர். அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பென்டால் என்னும் மருத்துவர் தாம் கண்ட புற்றுநோயாளர் 1,700 பேரைப் பற்றி 1908ஆம் ஆண்டில் எழுதினார். அதே ஊரில் பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவர் 1933ஆம் ஆண்டில், வெற்றிலை பாக்கு மெல்வோரின் வாய்ப்புற்றைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து, மருத்துவர் சாந்தாவும் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும் 1959ஆம் ஆண்டில் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து எழுதினர்.

அன்று குற்றம் முழுவதும் புகையிலையின் மேல் சுமத்தப்பட்டது. 1985ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலை சேர்த்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முடிவு செய்தது. புகையிலை சேராவிட்டாலும் வெற்றிலை பாக்கு மெல்லுதல் புற்றுநோய் தருவதே என்றும், பாக்கே தனித்து அத்தன்மை உடையது என்றும் அந்நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியீட்டில் அறிவித்தது. புகையிலையை விட்டுவிட்டோம், இனி அச்சமில்லை என்று பாக்கை மட்டும் மென்றுவரும் முதியோர் இதனை அறிதல் நலம்.

கடல் கடந்து வந்த பழக்கத்தோடு நோயும் கடல் கடந்து வந்தது. மலேசிய மக்கள் தொகையில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேர் என்னும் அளவினரே. ஆயினும் நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகள், வாய்ப்புற்று விகிதம் இந்தியரிடையே, அதிலும் இந்தியப் பெண்களிடையே, பிற இனத்தாரைவிட மிகுந்திருப்பதைத் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. தோட்டப்புறப் பெண்களின் சுருக்குப்பையில் இருந்த பொருள்களே இதற்குத் தலையாய காரணம். ஆண்களுக்கு அவற்றோடு சுருட்டும் சம்சுவும் சேர்ந்துகொண்டன.

இனி, புற்றுநோய் உயிரணுவின் உள்ளே நிகழ்வதைக் காணவேண்டும். ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் பிறந்த அவ்வணு, பிறந்தபின் அவ்வழுத்தத்தை விட்டு விலகுவதில்லை. அது ஓயாமல் வளர்வதால் அதன் அடுப்பு இயல்பான அணுவின் அடுப்பைவிட மிகுதியாகப் பொறி தெறிக்கிறது. அப்பொறிகள் சிறிதளவில் இருக்கும்போது, வளர்க, பிரிக என்னும் கட்டளைகளை அணுவினுள் எடுத்துச் செல்லும் தூதர்களாகவும் பயன்படுகின்றன. அளவு மிஞ்சினால் அவையே அவ்வணுவைக் கொன்றுவிடும். ஆகவே புற்றணு ஒரு சூழ்ச்சி செய்கிறது. உடலைக் காக்கவென்று இயற்கை அமைத்த காவற்படையை, கள்வன் காவற்காரனைக் கைக்குள் போட்டுக்கொள்வதுபோல், தன்னைக் காக்க அமர்த்திக்கொள்கிறது. குளூட்டத்தியோனைப் பெருமளவில் செய்துகொள்கிறது. காவற்படைக்கு ஆணையிடும் மரபணுக்களை ஓயாமல் முடுக்கிவிடுகிறது. தீயின் விளிம்பில் நின்று, சுடாத அளவுக்குக் குளிர்காய்ந்து வாழ்வதே புற்றணுவின் வாழ்க்கை.

அதன் இவ்வாழ்க்கை முறையே அதன் பலவீனமும் ஆகும். விளிம்பில் நிற்பவனை வீழ்த்தச் சிறிது தள்ளினால் போதும். கதிர்வீச்சு மருத்துவம் செய்வது பெரும்பாலும் இதுவே. கதிர்கள் உடலின் நீர் மூலக்கூறுகளைப் பிளந்து ஹைட்ராக்சில் துணுக்குகளைப் பிறப்பிக்கின்றன. அவை புற்றணுவின் மரபிழையை அறுத்து அதனை மாய்க்கின்றன. உயிர்வளி நன்கு பாயும் இடத்தில் கதிர்வீச்சின் வலிமை மிகுகிறது. உயிர்வளி குன்றிய கட்டியின் நடுப்பகுதி கதிருக்கு எளிதில் மசிவதில்லை. தோட்டத்தில் மருந்தடித்தவர்களுக்கு இவ்வுண்மை வேறொரு வகையில் அறிமுகமானது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, இலையின் ஒளிச்சேர்க்கையிலிருந்து எதிர்மின்னிகளைக் கவர்ந்து உயிர்வளியிடம் கொடுத்து, சூப்பராக்சைடைப் பெருக்கியே களையைக் கருக வைத்தது. மனிதனின் நுரையீரலையும் அது அவ்வாறே கெடுக்கவல்லது. மலேசியாவில் அது 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கித் தடை செய்யப்பட்டுள்ளது. ஒரே பொறி, களையைக் கருக்குகிறது. நல்ல அணுவைக் கெடுத்துப் புற்றாக்குகிறது. மருத்துவர் கையில் அப்புற்றையே அழிக்கிறது. அளவும் இடமும் காலமுமே பயனை முடிவு செய்கின்றன.

இதனை உணராமல், ஆக்சிஜனேற்றம் தீயது, ஆகவே அதைத் தடுக்கும் மாத்திரையை விழுங்கினால் புற்றுநோய் அணுகாது என்று எண்ணுவோர் பலர். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஊர்களில் இத்தகைய மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டுவந்து விற்போர் உண்டு. முன்னர்ச் சொன்ன மூதாட்டியின் மகனும், தாயின் உடல்நலம் கருதி, உடம்பின் துருவை நீக்கும் என்று சொல்லப்பட்ட மாத்திரைப் புட்டி ஒன்றை மாதந்தோறும் வாங்கிவந்தார். வெற்றிலைப் பெட்டிக்கு அருகிலேயே அப்புட்டியும் இருந்தது. மாத்திரை காக்கும் என்ற நம்பிக்கையில் மூதாட்டி வெற்றிலையைக் குறைக்கவேயில்லை.

இந்நம்பிக்கையை அறிவியல் பெரும் பொருட்செலவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994ஆம் ஆண்டில் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மாறாக அது 18 விழுக்காடு மிகுந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் கொடுக்கப்பட்டது. அங்கும் நோய் 28 விழுக்காடு மிகுந்ததால் 1996ஆம் ஆண்டில் மாத்திரை கொடுப்பது இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆண்கள் 35,533 பேர் பங்குகொண்ட வேறோர் ஆய்வில், வைட்டமின் ஈ உட்கொண்டவர்களிடையே ஆண்மைச் சுரப்பிப் புற்றுநோய் 17 விழுக்காடு மிகுந்திருந்ததை 2011ஆம் ஆண்டு அறிக்கை காட்டிற்று. 2014, 2015ஆம் ஆண்டுகளில் எலிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் இதற்கான காரணத்தைச் சுட்டின. புற்றணு தோன்றிவிட்ட உடலில், ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் நல்ல அணுக்களைக் காப்பதுபோலவே புற்றணுக்களையும் காக்கின்றன. கட்டியிலிருந்து பிரிந்து குருதியில் பரவும் புற்றணுக்கள் வழியில் மடியாமல் தப்பவும் உதவுகின்றன.

இதனால் கீரையும் பழமும் வேண்டா என்பது பொருளன்று. முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் செம்பனை எண்ணெயின் செந்நிறத்திலும் இயற்கை அமைத்துள்ள சத்துகள் உணவின் அளவில் உடலுக்கு நலம் செய்வனவே. உணவாக உண்பது வேறு. பிரித்தெடுத்துச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு. மேலும், அடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டே தண்ணீர் தெளிப்பவன் தீயை அணைத்தவனாகான். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோய் இன்னதென அறிந்தபின் அதன் காரணத்தையும் தேடச் சொல்கிறது. வாய்ப்புற்றின் காரணம் கன்னத்தில் ஒதுக்கிய உருண்டை என்று தெரிந்தபின், அதை எடுத்து எறிவதே முதல் மருந்து.

அறிவியல் வகுப்பில் கேள்வி கேட்ட பேரன், வாழைக்காயையும் மோரையும் பார்த்துவிட்டு வந்து ஆசிரியரிடம் விடை பெற்றான். பாக்கையும் சுண்ணாம்பையும் பற்றி அவர் கூறியதைக் கேட்டு வீடு திரும்பியதும், “பாட்டி, வாயைத் திறந்து காட்டுங்க” என்று நின்றான். “ஏன்டா ஐயா, வாத்தியார் உன்னைப் பல் டாக்டராக்கிவிட்டாரா?” என்று பாட்டி சிரித்தார். சிரித்த வாயின் இடக் கன்னத்தில், கழுவினாலும் துடைத்தாலும் போகாத வெண்படலம் ஒன்று தெரிந்தது. வாயும் முன்போல் அகலத் திறக்கவில்லை. மகன் மறுவாரமே தாயை அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினர். சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில், அது புற்றுநோயன்று, ஆயினும் அதை நோக்கி மாறத் தொடங்கிவிட்ட அணுக்கள் என்று தெரிந்தது. அப்பகுதியை மருத்துவர்கள் அகற்றினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள்.

வெற்றிலைப் பெட்டியைப் பிரிவது அம்மூதாட்டிக்கு எளிதாயில்லை. பாக்கும் புகையிலையும் மனத்தைப் பிணிக்கும் தன்மை உடையவை. அறுபது ஆண்டுப் பழக்கத்தை அறிவுரை ஒன்றால் அறுத்துவிட முடியாது. முதல் மாதம் உறக்கமின்மையும் எரிச்சலும் அவரை வாட்டின. இரண்டு முறை மறைவாகப் போட்டுப் பேரனிடம் அகப்பட்டுக்கொண்டார். மருமகள் கடிந்து பேசாமல், ஏலக்காயும் சோம்பும் சிறு டப்பியில் வைத்துக் கொடுத்தார். சிற்றுரலில் இப்போது அவையே இடிபடுகின்றன. மாத்திரைப் புட்டி வாங்குவதும் நின்றது.

எல்லா வீட்டிலும் இப்படி நிகழ்வதில்லை. வாய்ப்புற்று தொடக்கத்தில் வலிப்பதில்லை; ஆகவே பலர் வலி வந்தபின், கழுத்தில் நெறி கட்டியபின், விழுங்க முடியாத நிலையில்தான் மருத்துவரை நாடுகின்றனர். தொடக்கத்தில் சிறு அறுவையால் தீரக்கூடிய நோய், அந்நிலையில் தாடையையும் நாக்கையும் இழக்கச் செய்கிறது. பலருக்கு உயிரையும் பறிக்கிறது. கண்ணாடியும் வெளிச்சமும் இருந்தாலே காணக்கூடிய இடத்தில் தோன்றும் புற்றுநோயால் மக்கள் மாள்வது பெருங்கொடுமை அன்றோ?

இதனைத் தடுக்க முடியும் என்பதற்குக் கேரளத்தில் சான்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டில் தொடங்கி, 13 ஊராட்சிப் பகுதிகளில் ஏறத்தாழ 1,90,000 பேரை உள்ளடக்கி ஓர் ஆய்வு நடைபெற்றது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், மருத்துவர் அல்லாத பட்டதாரிகள், வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் செய்து வெறுங்கண்ணால் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, அவ்வாறு பார்க்கப்பட்ட பகுதியில் வாய்ப்புற்றால் இறந்தோர் தொகை 34 விழுக்காடு குறைந்ததை 2005ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு காட்டிற்று. மலேசியாவிலும் 1990களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கப் பல் மருத்துவத் துறையினர் தோட்டப்புறங்களுக்குச் சென்று வாய்ச் சோதனை செய்துவந்துள்ளனர். சோதனைக்கு ஆள் வருவதும் வராததும் மக்களின் அறிவைப் பொறுத்தது. அவ்வறிவை வீட்டுக்குள் கொண்டு சேர்க்கும் வாயில், பெரும்பாலும் பள்ளி மாணவனே.

ஆகவே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் துருப்பிடித்தலைக் கற்பிக்கும் நாளில் வாழைக்காயையும் வெற்றிலைப் பெட்டியையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். மாணவர் அறிய வேண்டியவை சிலவே. வாயினுள் வெண்படலமோ செம்படலமோ காணப்பட்டால் காட்ட வேண்டும். செம்படலம் வெண்படலத்தைவிடக் கொடிது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைப் புறக்கணிக்கக் கூடாது. மூன்று விரல்களை அடுக்கி நுழைக்க முடியாத அளவுக்கு வாய் இறுகினால், பாக்கு தன் வேலையைத் தொடங்கிவிட்டது எனக் கொள்ள வேண்டும். இவற்றைச் சொல்லும்போது முதியோரைப் பழித்தல் ஆகாது. நாட்டுக்குப் பால்மரக் காட்டில் செல்வம் சேர்த்துத் தந்த தலைமுறை, தன் பசியையும் களைப்பையும் அந்த உருண்டையைக் கொண்டுதான் ஆற்றிக்கொண்டது.

தாம்பூலத் தட்டைத் தமிழர் துறக்க வேண்டியதில்லை. பச்சை வெற்றிலை மங்கலத்தின் அடையாளமாகத் தட்டில் இருக்கட்டும். விருந்தினரை மதிக்கும் பண்பும், பெரியோரை வணங்கும் பண்பும் அதனோடு நிலைக்கட்டும். பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் கன்னத்தில் தங்குவது மட்டும் நிற்க வேண்டும். கணவனின் அன்பை அறிய நாக்கின் சிவப்பைப் பார்த்த காலம் போயிற்று. மனைவியின் வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, ஐயம் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே இக்காலத்துக் கணவனின் அன்புக்கு அடையாளமாகும்.